ஃபிட்ஸ் வராதவருக்கு எதற்கு ஃபிட்ஸ் மாத்திரை?

பைக் விபத்தில் தலையில் பலத்த அடி, ஆபரேஷன், இப்போது நடக்கப் பழக பிசியோதெரபி. தன் அண்ணனைப் பற்றி எழுதிய ஒரு வாசகி கேட்கிறார்: "ஒரு தடவைகூட ஃபிட்ஸ் வந்ததில்லை, மாதக்கணக்கில் எப்டாயின் போடுகிறார், எந்நேரமும் தூங்கி வழிகிறார், நிறுத்திவிடலாமா?"

எப்டாயினில் இருப்பது ஃபெனிட்டாயின், 1938-லிருந்து வலிப்புக்குப் பழகிய மருந்து. அது வேலை செய்யும் விதம் எனக்கு இன்னும் அலுக்கவில்லை. நரம்பு செல்லின் சவ்வில் உள்ள வாயில்கள் திறந்தால் சோடியம் உள்ளே பாயும், சிக்னல் பிறக்கும், இது பள்ளிப்பாடம். ஆனால் திறந்தது, மூடியது தவிர அந்த வாயிலுக்கு மூன்றாவதாக ஒரு நிலை உண்டு. திறந்த ஓரிரு மில்லிசெகண்டில் அதே புரதத்தின் ஒரு துண்டு உள்பக்கமிருந்து வந்து வழியை அடைத்துக்கொள்ளும். அது விலகிய பிறகுதான் அடுத்த சிக்னல். ஃபெனிட்டாயின் இந்த அடைபட்ட நிலையில்தான் வாயிலைப் பிடிக்கிறது, பிடித்தால் லேசில் விடாது. நிதானமாக வேலை செய்யும் செல்லில் அடைபட்ட வாயில்கள் குறைவு என்பதால் மருந்துக்குப் பிடி கிடைப்பதில்லை. வலிப்பில் வெறிபிடித்தாற்போல் சிக்னலைக் கொட்டும் செல்லிலோ அவை அடுத்தடுத்து அடைபட, மருந்து ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டே போகும். எது அதிகம் துள்ளுகிறதோ அதுதான் அதிகம் மாட்டுகிறது!

ஆனால் ரத்தத்தில் அளவு ஏறினால் சிறுமூளையும் மாட்டும்: நடை தள்ளாடும், கண்கள் ஆடும், தூக்கம் சொக்கும். இந்த மருந்தைச் சிதைக்கும் கல்லீரல் என்சைம்கள் சீக்கிரமே திணறிவிடுவதால், டோஸைச் சற்றுக் கூட்டினாலே அளவு எகிறிவிடும். மறுபடி நடக்கப் பழகுகிறவருக்கு இது பெரிய தடை.

சரி, தலையில் அடிபட்டவருக்கு வலிப்பு வராமலிருக்க இதை முன்கூட்டியே கொடுக்கிறார்களே, பலன் எவ்வளவு? 1990-ல் அமெரிக்காவில் டெம்கின் குழுவினர் தலைக்காயம் பட்ட 404 பேரிடம் நடத்திய ஆய்வில், முதல் வாரத்தில் வலிப்பு வந்தது மருந்தில்லாத போலி மாத்திரை பெற்றவர்களில் 14.2 சதவீதம், ஃபெனிட்டாயின் பெற்றவர்களில் 3.6 சதவீதம். எட்டாம் நாளிலிருந்து இரண்டு வருடம் வரை பார்த்ததில் சொல்லும்படி வித்தியாசமே இல்லை. அதனால்தான், வலிப்பே வராதவருக்குப் பொதுவாக ஏழு நாள் போதும் என்கிறார்கள். நடைமுறையில் டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியது, யாரும் திரும்பிப் பார்க்காமல் அப்படியே ஓடுகிறது. மலிவான பழைய மருந்தை எப்போது நிறுத்துவது என்று ஆராய எந்தக் கம்பெனி பணம் போடும்? அரசுதான் போட வேண்டும், போட்டே ஆக வேண்டும் என்பது என் கருத்து.

ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று விட்டால் அதுவே வலிப்பைக் கிளப்பலாம். ஐசியுவில் உங்களுக்குத் தெரியாமல் வலிப்பு வந்திருக்கவும்கூடும். டிஸ்சார்ஜ் சீட்டோடு நரம்பியல் டாக்டரிடம் போய், "இது இன்னும் தேவையா?" என்று நேராகக் கேளுங்கள். தேவையில்லை என்றால் எப்படிக் குறைப்பது என்று அவரே சொல்வார்.

அப்புறம், ஒருவேளை வலிப்பு வந்தால் கையில் சாவி கொடுக்க வேண்டாம். பெரும்பாலான வலிப்பு சில நிமிடங்களில் தானாகவே நிற்கும், பெயர் சாவிக்குப் போய்விடுகிறது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள்.