கொலு பொம்மைப் பெட்டிக்குள் தெர்மகோல் எதற்கு?

போன ஆவணியில் ஒரு தசாவதார செட் எங்களிடம் திரும்பி வந்தது. மதுரையிலிருந்து டெல்லிக்கு நாங்களே கட்டி அனுப்பியதுதான். அட்டைப்பெட்டியில் ஒரு நசுங்கல் இல்லை, உள்ளே நிறையத் தெர்மகோல் துண்டுகள். ஆனாலும் வாமனரின் குடை ஒடிந்திருந்தது. பிரித்துப் பார்த்ததும் காரணம் புரிந்தது. பெட்டி தேவைக்கு மேல் பெரியது. லாரி குலுங்கக் குலுங்கத் துண்டுகள் மேலே ஏற, கனமான மண் பொம்மைகள் அடியில் இறங்கி ஒன்றோடொன்று மோதியிருக்கின்றன.

மதுரைக்குப் பக்கத்தில் மண் பொம்மை செய்யும் ஊரான விளாச்சேரியின் பொம்மைகளைப் பன்னிரண்டு வருடமாகக் கட்டி அனுப்புகிறேன். மெத்தை போதாததால்தான் உடைகிறது என்று பலர் நினைக்கிறார்கள். என் கையில் உடைந்து வந்தவற்றில் பெரும்பாலானவை உள்ளே அசைய இடம் இருந்ததால் உடைந்தவை.

தெர்மகோலில் 98 சதவீதம் காற்று. அதிர்ச்சியைத் தாங்குவதும் அதனால்தான், பயன்படுத்திய பிறகு யாருக்கும் வேண்டாததாகிப் போவதும் அதனால்தான். பழைய பொருள் வாங்குபவர் எடைக்குத்தான் காசு கொடுப்பார். வண்டி நிறைய ஏற்றினாலும் அதிக எடை தேறாத சரக்கை அவர் ஏன் எடுக்கப் போகிறார்? அது குப்பைமேட்டுக்குப் போகிறது, மணி மணியாக உதிர்ந்து காற்றில் வாய்க்காலுக்குப் போகிறது, மாட்டின் வயிற்றுக்கும் போகிறது. சிலர் கொளுத்திவிடுகிறார்கள். அந்தக் கரும்புகையைக் குழந்தைகள் சுவாசிக்கக் கூடாது. தெர்மகோல் தட்டும் கப்பும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. பார்சலுக்குள் மட்டும் அது இன்னும் வந்துகொண்டே இருக்கிறது.

பபிள் ராப் கொஞ்சம் பரவாயில்லை. சுத்தமாக இருந்தால் திரும்ப உருக்கலாம், ஆனால் பிரவுன் டேப் ஒட்டிவிட்டால் அந்த வாய்ப்பும் குறைந்துவிடும். இன்னொன்று, வர்ணம் சரியாகக் காயாத பொம்மையில் நேராகச் சுற்றினால் குமிழ்களின் வட்டம் முகத்தில் பதிந்துவிடும்.

இப்போது நாங்கள் முதலில் பார்ப்பது பலவீனமான இடங்களை: கழுத்து, மணிக்கட்டு, சரஸ்வதியின் வீணை, வாமனரின் குடை. அந்த இடுக்குகளில் மெல்லிய தாளைத் திரித்து அடைப்போம். மேலே பழைய பருத்தி வேட்டித் துணி. பிறகு ஐந்தடுக்கு அட்டைப்பெட்டி, சுற்றிலும் ஐந்து சென்டிமீட்டருக்குக் கசக்கிய தாளை இறுக்கித் திணிப்போம். மூடிவிட்டுக் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்போம். லேசாகச் சத்தம் வந்தாலும் திரும்பப் பிரிப்போம்.

பெட்டி சிறிதானால் செலவும் குறையும். பல கூரியர்களில் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வரும் எடைக்குத்தான் கட்டணம், அசல் எடை அதைவிடக் குறைவாக இருந்தால். 40, 30, 30 அளவுப் பெட்டிக்கு 7.2 கிலோ. அதையே 30, 25, 25 ஆக்கினால் 3.75 கிலோ.

வைக்கோலையும் பலர் கேட்கிறார்கள். நன்றாக வெயிலில் காய்ந்ததாக இருந்தால் உள்ளூருக்கு அருமையானது, ஈரம் இருந்தால் பூசணம் பிடிக்கும். ஆஸ்திரேலியாவுக்கு வைக்கோல் வைத்து அனுப்பவே முடியாது, பூச்சியும் விதையும் வந்துவிடும் என்று அனுமதிப்பதில்லை. பெரிய சிலைகளுக்கு மரப்பெட்டி என்றால், பெரும்பாலான நாடுகளுக்கு அந்த மரத்தின் உள்பகுதி வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றி முத்திரை குத்தியிருக்க வேண்டும்.

தாளுக்கும் மரம், தண்ணீர், மின்சாரம் எல்லாம் செலவாகிறது. அதற்காகக் குறைத்துக் கட்டி, பொம்மை உடைந்தால் அது பெரிய நஷ்டம். சுட்ட மண் திரும்பக் களிமண் ஆகாது. சூளையில் எரித்த விறகும் கலைஞரின் பல நாள் உழைப்பும் அதோடு போய்விடும்.

கொலு பொம்மையில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. நவராத்திரி முடிந்ததும் அது திரும்பப் பெட்டிக்குள் போய்ப் பரணில் ஏறத்தான் போகிறது. அதனால் வேட்டித் துணி ஒவ்வொன்றிலும் எந்தப் பொம்மையுடையது என்று பேனாவால் எழுதி அனுப்ப ஆரம்பித்தோம். மூன்று வருடத்துக்கு முன் வாங்கிய ஓர் அம்மா இந்த வருடம் புதிதாக ஒரு மரப்பாச்சி ஜோடி கேட்டார். பழைய பெட்டியிலேயே இடம் இருக்கிறது, துணி மட்டும் இரண்டு வைத்து அனுப்புங்கள் என்றார்.