எண்டர் தட்டுவதற்கு முன்னும் பின்னும்

கட்டளைகளை (கமாண்டு) எழுத்தில் தட்டிக் கணினியை இயக்கும் டெர்மினலில் தட்டச்சைக் குறைக்க இரண்டு வழிகள் உண்டு. நீளமான கமாண்டுக்குச் சின்னப் பெயர் வைப்பது ஒன்று; அதுதான் அலியாஸ். கண்ட்ரோல் விசையோடு ஓர் எழுத்தை அழுத்துவது இன்னொன்று. இரண்டும் குறுக்குவழிதான் என்றாலும், அலியாஸ் வேலை செய்வது எண்டர் தட்டிய பிறகு. பெரும்பாலான விசைகளின் வேலை அதற்கு முன்பே முடிந்துவிடும்.

தட்டிய கமாண்டைப் படித்து நிறைவேற்றும் நிரல்தான் ஷெல். 1970களின் இறுதியில் பில் ஜாய் எழுதிய சி ஷெல்லிலேயே அலியாஸ் இருந்தது. இன்றைய பாஷ் ஷெல் கமாண்டின் முதல் சொல்லை மட்டும் எடுத்து, அது அலியாஸ் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அந்த இடத்தில் முழு வரியைப் போட்டுவிடும். அவ்வளவுதான், வெறும் எழுத்து மாற்றம். கோப்புகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்’ என்ற பெயருக்கே ‘வண்ணத்தோடு எல்எஸ்’ என்று அலியாஸ் வைத்தால் அது முடிவில்லாமல் விரியாதா? விரியாது. ஒருமுறை விரித்த பெயரை ஷெல் மறுபடி விரிப்பதில்லை.

முதல் சொல் மட்டும் என்பதால் ஒரு தொல்லையும் வருகிறது. நிர்வாகி உரிமையோடு கமாண்டை ஓட்டும் ‘சூடோ’வை முன்னால் போட்டு அலியாஸைத் தட்டினால், அப்படி ஒரு கமாண்டே இல்லை என்று பதில் வரும். சூடோவுக்கே ஓர் அலியாஸ் வைத்து, மேற்கோள் குறிக்குள் அதன் கடைசியில் ஓர் இடைவெளி விட்டுவிடுங்கள். அந்த இடைவெளியைப் பார்த்ததும் ஷெல் அடுத்த சொல்லையும் சோதிக்கும். அலியாஸ் நிலைக்க வேண்டுமானால் அதை, பாஷ் தொடங்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி கோப்பில் எழுத வேண்டும்.

சரி, விசைகள். பழைய மரபுப்படி கண்ட்ரோலை அழுத்தினால் ஆங்கிலப் பெரிய எழுத்தின் ஆஸ்கி எண்ணிலிருந்து (கணினியில் அந்த எழுத்தைக் குறிக்கும் எண்) 64 குறையும். ‘ஏ’ 65, கண்ட்ரோல்-ஏ 1. ‘ஐ’ 73, கண்ட்ரோல்-ஐ 9, டேப் விசையின் எண்ணும் அதேதான். அதனால்தான் பெரும்பாலான டெர்மினல்களில் இவ்விரண்டுக்கும் வெவ்வேறு வேலை கொடுக்க முடிவதில்லை.

அந்த எண்ணை முதலில் பார்ப்பது இயங்குதளத்தின் டெர்மினல் டிரைவர், அதாவது டெர்மினலின் உள்ளீட்டையும் வெளியீட்டையும் கவனிக்கும் பகுதி. ஓடும் நிரலை நிறுத்தும் கண்ட்ரோல்-சி அங்கேயே பிடிபடும். மற்றவற்றில் பல, தட்டும் வரியைத் திருத்த பாஷ் பயன்படுத்தும் ரீட்லைன் நூலகத்துக்குப் போகும்: கண்ட்ரோல்-ஏ வரியின் தொடக்கத்துக்குக் கொண்டுபோகும், கண்ட்ரோல்-ஆர் பழைய கமாண்டுகளைத் தேடும். என்னைக் கேட்டால், பத்து அலியாஸைவிட இந்தக் கண்ட்ரோல்-ஆர் ஒன்றே மேல். இந்த விசைகளை மாற்ற இன்புட்ஆர்சி கோப்பு இருக்கிறது.

தேடும்போது தாண்டிப் போய்விட்டால் திரும்பி வர ரீட்லைன் கண்ட்ரோல்-எஸ் வைத்திருக்கிறது. ஆனால் அதை அழுத்தினால் திரை அப்படியே உறைந்துவிடும். டிரைவர் அதை ‘வெளியீட்டை நிறுத்து’ என்று எடுத்துக்கொள்வதுதான் காரணம். கண்ட்ரோல்-கியூ அழுத்தினால் திரை உயிர் பெறும். டெர்மினல் அமைப்புகளை மாற்றும் ‘எஸ்டிடிஒய்’ கமாண்டால் அந்தப் பழைய வழக்கத்தை அணைத்துவிட்டால், கண்ட்ரோல்-எஸ் ரீட்லைனுக்கே போய்ச் சேரும்.