புயலுக்கு அலுவலகத்தை மூடினால் சம்பளம் உண்டா? அமெரிக்க நகராட்சி ஊழியர்களுக்கான விதிகள்

பனிப்புயலோ சூறாவளியோ வருவதற்கு முந்தைய இரவில், "நாளை நகராட்சி அலுவலகங்கள் இயங்காது" என்று செய்தி வந்துவிடும். சம்பளத்தைப் பற்றி அதில் பெரும்பாலும் ஒரு வரிகூட இருக்காது. அமெரிக்காவில் நகராட்சி வேலையில் இருப்பவர்களுக்கு உடனே எழும் கேள்வி: அவர்களே வரவேண்டாம் என்று சொன்ன நாளுக்குக் காசு வருமா, இல்லை என் விடுப்பிலிருந்து கழித்துவிடுவார்களா?

இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, சட்டத்தின் கண்ணில் நீங்கள் எந்த வகை ஊழியர் என்பது. மற்றது, புயல் கிளம்புவதற்கு வெகு முன்பே உங்கள் நகர மன்றம் எதை எழுதி, தீர்மானம் போட்டு வைத்திருக்கிறது என்பது. பலர் முதலாவதைப் பற்றி மட்டுமே விசாரிக்கிறார்கள். காசு பெரும்பாலும் இரண்டாவதில்தான் இருக்கிறது.

அடிப்படைச் சட்டம் 1938-இல் வந்த நியாயமான தொழிலாளர் தரச் சட்டம். குறைந்தபட்சக் கூலி, ஓவர்டைம் (வாரத்தில் 40 மணிக்கு மேல் செய்த வேலைக்கு ஒன்றரை மடங்கு கூலி) எல்லாம் இதில்தான். இது நகராட்சிகளையும் கட்டுப்படுத்துமா என்பதில் நெடுநாள் இழுபறி இருந்தது. கட்டுப்படுத்தாது என்று 1976-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், சான் அன்டோனியோ பேருந்து நிர்வாகம் தொடர்பான வழக்கில் 1985-இல் தன் தீர்ப்பையே மாற்றிக்கொண்டது. அன்றிலிருந்து நகராட்சி ஊழியருக்கும் இதே சட்டம்தான்.

மணிக்கணக்கில் சம்பளம் வாங்குபவர்கள், அதாவது ஓவர்டைமுக்கு உரிமையுள்ள 'நான்-எக்ஸெம்ப்ட்' பிரிவினர், ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வேலை செய்த மணிகளுக்குச் சம்பளம் கொடு என்றுதான் மத்தியச் சட்டம் சொல்கிறது. அலுவலகம் மூடியிருந்த நாளுக்குக் கொடு என்று அது சொல்லவே இல்லை. அந்த நாளுக்குப் பணம் வந்தால் அது நகராட்சியின் விடுப்பு விதியாலோ தொழிற்சங்க ஒப்பந்தத்தாலோ வருவது.

'எக்ஸெம்ப்ட்' எனப்படும், ஓவர்டைம் உரிமை இல்லாத நிலையான சம்பளக்காரர்களின் கதை வேறு. வாரத்தில் ஒரு நாள் வேலை செய்திருந்தாலும், மீதி நாட்களில் அலுவலகத்தை மூடியது நிர்வாகம் என்றால் முழு வாரச் சம்பளத்தையும் கொடுத்தாக வேண்டும். திங்கள், செவ்வாய் வேலை செய்தீர்கள், புதன் முதல் வெள்ளி வரை கதவு பூட்டியிருந்தது என்றால் ஒரு டாலர்கூடப் பிடிக்கக் கூடாது. வாரம் முழுக்க மூடி, நீங்கள் எந்த வேலையும் செய்யவில்லை என்றால் மட்டும் அந்த வாரச் சம்பளம் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அந்த வாரத்தில் வீட்டிலிருந்தே அலுவலக வேலையில் ஒரு மணி நேரம் செலவழித்திருந்தால் அது வேலை செய்த வாரமாகிவிடும்.

இதில் இரண்டு ஓட்டைகள் உண்டு. சம்பளம் குறையாத வரை, மூடிய நாட்களை உங்கள் சேமிப்பு விடுப்பிலிருந்து கழிப்பதை மத்தியச் சட்டம் தடுப்பதில்லை. அடுத்தது, அலுவலகம் திறந்திருக்கிறது, உங்கள் தெருவில் பனி அகற்றவில்லை, வரமுடியவில்லை என்றால் அது சொந்தக் காரணத்தால் எடுத்த விடுப்பு. அன்றைக்குச் சம்பளத்தைப் பிடிக்கலாம். மூடுவதாக அறிவிப்பு எத்தனை மணிக்கு வந்தது என்பதற்காகச் சண்டை நடப்பது இதனால்தான்.

ஓவர்டைம் கணக்கிலும் ஒரு பொறி இருக்கிறது. மணிக்கு 30 டாலர் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். திங்கள்கிழமை மூடல், அதற்கு 8 மணி நேரச் சம்பளத்துடன் விடுப்பு. செவ்வாய் முதல் சனி வரை தினம் 8 மணி நேரம் வேலை. சம்பளச் சீட்டில் 48 மணி நேரம் இருக்கும், ஆனால் ஓவர்டைம் கிடையாது. வேலை செய்தது 40 மணிதான், வீட்டில் இருந்த 8 மணி சட்டப்படி 'வேலை நேரம்' ஆகாது. வருவது 1,440 டாலர். விடுப்பையும் வேலை நேரமாக எண்ணு என்று சங்க ஒப்பந்தம் சொன்னால் அதுவே 1,560 ஆகும்.

ஊரே வீட்டில் இருக்கும்போது வெளியே போகிறவர்கள் இருக்கிறார்களே: பனி அள்ளுபவர்கள், குடிநீர்க் குழாய் பார்ப்பவர்கள், அவசர அழைப்பை எடுப்பவர்கள். வீட்டில் இருந்தவருக்கும் எட்டு மணிச் சம்பளம், கொட்டும் பனியில் நின்றவருக்கும் எட்டு மணிச் சம்பளம் என்றால் மனம் கசக்காதா? அதனால் வேலைக்கு வந்தவர்களுக்குக் கூடுதல் விகிதமோ, அதே அளவு விடுப்போ தரும் நகராட்சிகள் உண்டு. இதுவும் மத்தியச் சட்டக் கடமை இல்லை, உள்ளூர் முடிவு. சட்டம் தருவது ஓவர்டைம். அதையும் பணமாகத் தராமல், ஒரு மணிக்கு ஒன்றரை மணி என்ற கணக்கில் ஈட்டு விடுப்பாகத் தர, முன்கூட்டியே உடன்பாடு இருந்தால், அரசு அமைப்புகளுக்கு அனுமதி உண்டு. உச்சவரம்பு 240 மணி. காவல், தீயணைப்பு, அவசரப் பணியாளர்களுக்கு 480.

சாலை மூடிவிடும் என்று பணியிடத்திலேயே தங்க வைத்தால் என்ன? அங்கிருக்கும் நேரம் வேலை நேரம். தொடர்ந்து 24 மணி நேரமோ அதற்கு மேலோ பணி என்றால், உடன்பாட்டின் பேரில் தூக்கத்துக்காக 8 மணி வரை கழிக்கலாம். ஆனால் படுக்க இடம் இருக்க வேண்டும், குறைந்தது 5 மணி நேரத் தூக்கமாவது கிடைத்திருக்க வேண்டும். "சும்மா உதவிக்கு வாங்க" என்று கூப்பிட்டு, நீங்கள் அன்றாடம் செய்யும் அதே வேலையைச் சம்பளமில்லாமல் வாங்கவும் நகராட்சிக்கு உரிமை இல்லை. தன் ஊழியரைத் தனக்கே, அதே வேலைக்குத் தன்னார்வலராக வைத்துக்கொள்ளச் சட்டம் விடுவதில்லை.

எழுதி வைத்த விதிக்கு வருவோம். மேயர் நல்லவர், புயல் முடிந்ததும் "எல்லோருக்கும் சம்பளம் போடுங்கள்" என்று சொல்லிவிட்டால் போதாதா? பல மாநிலங்களில் போதாது. பொதுப் பணத்தை இனாமாகக் கொடுக்கக் கூடாது என்று மாநில அரசியலமைப்புகளே சொல்கின்றன. டெக்சாஸ் அரசியலமைப்பின் 3-ஆம் பிரிவில் 52, 53 ஆகிய உட்பிரிவுகளைப் பாருங்கள். முதலாவது பொதுப் பணத்தைத் தனியாருக்குத் தானமாகத் தருவதைத் தடுக்கிறது. அடுத்தது செய்து முடித்த வேலைக்குப் பின்னால் கூடுதல் ஊதியம் தருவதைத் தடுக்கிறது. "அவசர மூடலில் இன்னாருக்கு இவ்வளவு" என்று முன்பே விதி இருந்தால் அது வேலை ஒப்பந்தத்தின் ஒரு பகுதி. பின்னால் கொடுத்தால் அன்பளிப்பு என்ற கேள்வி எழும்.

மத்தியப் பேரிடர் முகமையான ஃபீமாவும் இதையேதான் பார்க்கிறது. குடியரசுத் தலைவர் பேரிடர் அறிவித்தபின் தகுதியுள்ள செலவில் குறைந்தது 75 சதவீதத்தை அது ஏற்கும். ஆனால் அவசரப் பணியில் நிரந்தர ஊழியரின் வழக்கமான சம்பளத்தைப் பொதுவாகத் தராது, ஓவர்டைமை மட்டும் தரும். வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களின் விடுப்புச் சம்பளம் அதன் கணக்கில் வராது. ஓவர்டைமும் கூடுதல் விகிதமும்கூட, பேரிடருக்கு முன்பே எழுதப்பட்ட விதிப்படி இருக்க வேண்டும். மத்தியப் பணம் வந்தால் மட்டும் கொடுப்போம் என்று அந்த விதியில் நிபந்தனை இருக்கக் கூடாது. அதிகாரி விருப்பப்படி ஆளுக்கொரு நியாயமும் கூடாது. வீட்டில் இருப்பவர்களின் சம்பளச் சுமை முழுக்க நகராட்சியின் தலையில் என்பதால்தான் சில ஊர்களில் கைகழுவப் பார்க்கிறார்கள்.

மடிக்கணினி உள்ளவர்களுக்கு இப்போது வேறு தலைவலி. கட்டடம் மூடினாலும் வீட்டிலிருந்து வேலை செய் என்பதுதான் இன்று பல இடங்களில் விதி. மத்திய அரசு ஊழியருக்கு 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வானிலை, பாதுகாப்புக்கென்று தனி விடுப்பே இருக்கிறது. வீட்டிலிருந்து வேலை செய்ய ஏற்பாடு உள்ளவருக்கு அதுவும் பொதுவாகக் கிடைக்காது. அந்தச் சட்டம் நகராட்சிகளுக்குப் பொருந்தாது, போக்கு மட்டும் ஒன்றே.

ஆகவே பணியாளர் கையேட்டில் 'அவசர மூடல்' பகுதியைப் புயல் இல்லாத நாளில் படித்துவிடுங்கள். மூடலை அறிவிக்க யாருக்கு அதிகாரம், உங்கள் பதவி 'அத்தியாவசியம்' பட்டியலில் உண்டா, தற்காலிக மற்றும் பகுதி நேர ஊழியருக்கு என்ன, ஏற்கெனவே விடுப்பில் இருந்தவருக்கு அந்த நாள் திரும்பக் கிடைக்குமா என்று பாருங்கள். கடைசிக் கேள்விக்குப் பல கையேடுகளில் 'கிடைக்காது' என்றே பதில் இருக்கும். அவசர வேலை செய்த மணிகளை அன்றன்றே குறித்து வையுங்கள். ஓவர்டைம் பாக்கிக்கு வழக்குப் போட 2 ஆண்டு அவகாசம், வேண்டுமென்றே ஏமாற்றியதாக நிரூபித்தால் 3 ஆண்டு. மாநில அரசுகள் இத்தகைய வழக்குகளில் இறையாண்மை விலக்கு (அரசின் சம்மதமின்றி அதன்மேல் வழக்குப் போட முடியாது என்ற பாதுகாப்பு) கோரலாம், நகராட்சிகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.