கமாவைப் பார்த்தார்கள், எண்ணைப் பார்க்கவில்லை

ஒரு பம்ப் பராமரிப்புக் கையேட்டின் வரைவை ஐந்து பேருக்கு அனுப்பியிருந்தேன். 62 கமென்ட் வந்தன. பாதிக்கு மேல் ஒரே மூத்த பொறியாளருடையவை. 'கமா வேண்டாம்', 'பயன்படுத்தவும் அல்ல, உபயோகிக்கவும்' என்ற ரகம். இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் திருத்தினேன்.

அப்புறம் பணிமனையில் ஒரு ஃபிட்டர் கேட்டார்: "மேடம், இந்த போல்ட்டுக்கு 54 நியூட்டன் மீட்டர்னு போட்டிருக்கீங்க. டிராயிங்ல 45தானே இருக்கு?"

எண்ணை மாற்றித் தட்டியது என் தவறு. ஆனால் அதே வரியில் 'முற்றுப்புள்ளி விடுபட்டுள்ளது' என்று ஒரு கமென்ட் இருந்தது. அந்த வரியைப் படித்தவர் எண்ணைச் சரிபார்க்கவில்லை. சரிபார்க்கும்படி நானும் கேட்கவில்லை. 'பார்த்துச் சொல்லுங்கள்' என்று மட்டும் எழுதினால், கண்ணில் முதலில் படுவதைத்தான் யாரும் சொல்வார்கள்.

இப்போது ஆளுக்கொரு வேலை பிரித்துக் கொடுக்கிறேன். எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று சொல்லும் டார்க் (torque) அட்டவணையை டிராயிங்கோடு ஒப்பிட ஒருவர். படிகளின் வரிசையை இயந்திரத்தின் முன் நின்று செய்து பார்க்க ஒரு ஃபிட்டர். சர்வதேசத் தர நிர்ணய அமைப்பான ஐஎஸ்ஓவின் வரைவுகளுக்குக் கருத்து அனுப்பும் படிவத்தில் ஒவ்வொரு கருத்தும் பொதுவா, தொழில்நுட்பமா, மொழித்திருத்தமா என்று குறிக்க வேண்டும்; பக்கத்திலேயே மாற்று வாசகத்தையும் எழுத வேண்டும். அந்த இரண்டு கட்டங்களையும் எங்கள் படிவத்திலும் சேர்த்தேன். மாற்று வாசகம் எழுத வேண்டும் என்றதுமே 'இது சரியில்லை' என்ற மொட்டைக் கமென்ட்கள் குறைந்துவிட்டன. சொல் விருப்பம் பற்றிய சண்டைக்கு, எந்தச் சொல்லை எழுதுவது என்று குறித்துவைக்கும் நடைக் கையேடுதான் பதில். ஒருமுறை முடிவு செய்ததை ஒவ்வொரு வரைவிலும் பேச வேண்டியதில்லை.

ஆனால் மொழித்திருத்தம் என்று குறித்திருப்பதாலேயே ஒரு கமென்டை ஒதுக்கிவிடாதீர்கள். ஐஎஸ்ஓவின் ஆங்கில ஆவணங்களில் 'ஷால்' (shall) என்றால் கட்டாயம், 'ஷுட்' (should) என்றால் பரிந்துரை. ஒரு சொல்தான் வித்தியாசம். அதே மூத்த பொறியாளர், அடுத்த கையேட்டில் கமாக்களுக்கு நடுவே இப்படி ஒன்று எழுதியிருந்தார்: 'பம்பைத் திறக்கும் முன் மின்சாரத்தைத் துண்டிப்பது நல்லது என்று உள்ளது. துண்டிக்க வேண்டும் என்று மாற்றவும்.' வகைக் கட்டத்தில் மொழித்திருத்தம் என்றுதான் குறித்திருந்தார். உடனே அவருக்குப் போன் செய்தேன். இருவருமாக உட்கார்ந்து, அந்தக் கையேட்டில் 'நல்லது' என்று வரும் இடங்களை எல்லாம் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தோம்.