காந்தப்புலமா, காந்த மண்டலமா?

சேலத்தில் ஒரு பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்கு நடுவராகப் போயிருந்தேன். மேசைமேல் உறை ஊற்றிய பால் இரண்டு கிண்ணங்களில் இருந்தது. ஒன்றின் இருபுறமும் பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய வட்டக் காந்தங்கள். அட்டைகளில் ‘காந்த மண்டலத்துக்கு உள்ளே’, ‘காந்த மண்டலத்துக்கு வெளியே’ என்று எழுதியிருந்தது. தயிர் பாக்டீரியாவின் பெருக்கத்தைக் காந்தம் மாற்றுமா என்பது கேள்வி. அருமையான கேள்வி. அதைக் கெடுத்தது ‘மண்டலம்’. செய்தியிலும் விளம்பரத்திலும் கேட்டுக் கேட்டுச் சலித்த சொல்.

1845இல் ஆங்கிலேய அறிவியலாளர் ஃபாரடே காந்தத்துக்கு ‘ஃபீல்டு’ என்ற சொல்லை வைத்தார். அதற்கு வயல் என்று பொருள், தமிழில் புலம். காந்தம் வடமொழிச் சொல், வேரூன்றிவிட்டது, இருக்கட்டும். மண்டலத்தையும் வடசொல் என்பதற்காக நான் தள்ளவில்லை. பொருள் பொருந்தவில்லை.

மண்டலம் என்றால் வட்டம், எல்லை கட்டிய பரப்பு. சேலம் மாநகராட்சியின் சூரமங்கலம் மண்டலத்தில் இருக்கும் வீடு அஸ்தம்பட்டி மண்டலத்திலும் இருக்காது. காந்தப்புலத்துக்கு அப்படி எல்லைக்கல் ஏது? தள்ளிப் போகப் போகக் குறையும், அவ்வளவுதான். காந்தங்களையே அகற்றினாலும் புவியின் புலம் இருந்துகொண்டே இருக்கும். காந்தப்புலத்தை அளக்கும் அலகு டெஸ்லா; சேலத்தில் புவியின் புலம் ஏறக்குறைய 40 மைக்ரோ டெஸ்லா. உள்ளே, வெளியே என்று பிரித்ததும் பிள்ளைகள் அளவை மறந்துவிட்டார்கள். எத்தனை டெஸ்லா, எத்தனை மணி நேரம், நிலையான புலமா மாறும் புலமா, எந்த பாக்டீரியா என்று கேட்காமல் இந்தச் சோதனையே இல்லை. இவை மாறுவதால்தான் ஓர் ஆய்வில் பெருக்கம் குறைகிறது, இன்னொன்றில் மாற்றமே தெரிவதில்லை.

புலத்துக்குத் திசை என்றும் பொருள் உண்டு. குறளின் ‘தென்புலத்தார்’ எல்லோருக்கும் தெரியும். காந்தப்புலத்துக்கும் புள்ளிக்குப் புள்ளி திசை உண்டு. 1975இல் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் பிளேக்மோர் விவரித்த பாக்டீரியாக்கள் அந்தத் திசையை ஒட்டியே நீந்துகின்றன. அவற்றின் உடலுக்குள் காந்த ஊசிபோல வரிசையாக நிற்பவை மேக்னடைட் என்ற இரும்புக் கனிமத்தின் துகள்கள். சேலத்தை அடுத்த கஞ்சமலைக் கல்லில் காந்தம் ஒட்டுவதும் அதே மேக்னடைட்டால்தான். இவ்வளவையும் தாங்கும் சொல் நம் கையில் இருக்கிறது!

காந்த மண்டலத்துக்கும் சொந்த இடம் உண்டு. சூரியக் காற்றை, அதாவது சூரியனிலிருந்து பாயும் மின்னூட்டத் துகள்களை, மறித்து நிற்கும் புவியின் காந்த மண்டலம் அது. அதற்கு விளிம்பு இருக்கிறது, பெயர் பொருந்துகிறது. பாடநூல் காந்தப்புலம் என்றே சொல்லித்தரும்போது மொழிபெயர்ப்பவர்கள் அதைப் புரட்டிக்கூடப் பார்க்காதது ஏன்? காதில் விழுந்ததை எழுதிவிட்டுப் போகிறார்கள். அந்தப் பிழை பள்ளி மேசைவரை வந்து சேர்கிறது.

காந்தங்களை அறைக்கு வெளியே கொண்டுபோகச் சொல்லிவிட்டு, ‘வெளியே’ என்று எழுதிய கிண்ணத்தருகே திசைகாட்டியை வைத்தேன். ஊசி ஆடியாடி வடக்கே நின்றது.

“அப்படியென்றால் இதுவும் உள்ளேதானா, சார்?” என்றாள் மாணவி.

அட்டையைத் திருப்பி, ‘புவியின் காந்தப்புலம் மட்டும்’ என்று எழுதினாள். கிண்ணத்தைக் கூடத்தின் மறுகோடிக்கு எடுத்துச் சென்றாள்.