முதல் சிகரெட் எத்தனை மணிக்கு?

புகைப்பதை விடுவதற்கான ஆலோசனைக்கு வருபவர்களில் பலர், திட்டு வாங்கத் தயாராகவே எதிரில் உட்காருகிறார்கள். புற்றுநோய்ப் படத்தைக் காட்டிப் பயமுறுத்துவேன் என்று எதிர்பார்க்கிறார்கள். அந்தப் படமும் எச்சரிக்கை வாசகமும் சேர்ந்து பாக்கெட்டிலேயே 85 சதவீத இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. அதைக் கையில் பிடித்தபடிதான் பற்றவைக்கிறார்கள்.

நான் கேட்பது வேறு: கண்விழித்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட்? அரை மணி நேரத்துக்குள் என்றால், உடல் நிகோட்டினுக்கு வலுவாக அடிமைப்பட்டிருக்கிறது. அவரிடம் மனஉறுதியைப் பற்றி மட்டும் பேசுவது அநியாயம். மருத்துவரின் ஆலோசனையோடு நிகோட்டின் சூயிங்கமோ மாத்திரையோ சேர்த்துத்தான் திட்டம் போட வேண்டும்.

அடுத்து ஒரு சிறு நோட்டு. பற்றவைக்கும் முன் நேரம், இடம், உடன் இருப்பவர், மனநிலை ஆகியவற்றை எழுத வேண்டும். ஒரு வாரத்தில் டீக்கடை, சாப்பாட்டுக்குப் பின், மேலாளரின் அழைப்புக்குப் பின் என்று வரிசையாக வந்துவிடும். ஆண்கள் சொல்லக் கூச்சப்படும் ஒன்றும் இருக்கிறது: புகைத்தால்தான் காலைக்கடன் கழியும் என்ற நம்பிக்கை. விட்ட புதிதில் மலச்சிக்கல் வருவது உண்மைதான். சில வாரங்களில் சரியாகிவிடும். தண்ணீர், பழம், கீரை, காலை நடை என்று அதற்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்கிறோம். இதைப் பேசாமல் விட்டதாலேயே மறுபடி பற்றவைத்தவர்கள் உண்டு.

சூயிங்கத்தையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். மிட்டாய்போல மென்று விழுங்கினால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிஞ்சும். காரம் தெரியும்வரை மென்று, கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். டீ, காபி குடித்த கையோடு போட்டால் நிகோட்டின் சரியாக உள்ளே சேராது. கால் மணி நேர இடைவெளி தேவை.

தவிப்பு எழுந்தால் பெரும்பாலும் சில நிமிடங்களில் அடங்கிவிடும். முதல் வாரம்தான் கடுமை: எரிச்சல், தூக்கமின்மை, காரணமில்லாத கோபம். வீட்டாரையும் அழைத்து இதைச் சொல்கிறேன். “இதற்கு நீ புகைத்துக்கொண்டே இருந்திருக்கலாம்” என்ற ஒரு சொல் போதும், அவர் கடைக்குப் போய்விடுவார். சட்டையை முகர்ந்து பார்ப்பதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். இடையில் ஒன்று பற்றவைத்துவிட்டால், மறைக்காமல் எங்களிடம் வரும் தைரியம் அவருக்கு வேண்டும். அன்றைய நோட்டுப் பக்கத்தைப் பார்த்துத் திட்டத்தை மாற்றிக்கொள்வோம்.

நேரில் வர முடியாதவர்கள் 1800-11-2356 என்ற தேசியக் கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம். பெங்களூருவில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் மையத்தின் வழியாகத் தமிழிலும் பேசுகிறார்கள். விடும் நாளைக் குறித்துக்கொண்டு, பிறகு அவர்களே திரும்ப அழைத்து விசாரிப்பார்கள். பீடி, புகையிலை, பான்மசாலாப் பழக்கத்துக்கும் இதே எண்தான்.