ரிங்கிட் சரிந்தால் ஏற்றுமதி தானாக ஏறுமா? 1998-இன் கணக்கு சொல்வது

2024 பிப்ரவரியில் மலேசியாவில் ஒரு டாலர் 4.80 ரிங்கிட் வரை போனபோது என் அலுவலகத் தொலைபேசி ஓயவே இல்லை. 1998-க்குப் பிறகு ரிங்கிட் அவ்வளவு கீழே போனதில்லை. "97 மாதிரி ஆயிடுமா சார்?" என்று, ஆசிய நாணயங்கள் சரிந்த 1997 நெருக்கடியை நினைத்துக் கேட்டவர்களில் பாதிப்பேர் அந்த ஆண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள். இன்னும் சிலர் வேறு மாதிரி கேட்டார்கள்: "காசு விழுந்தா ஏற்றுமதிக்கு நல்லதுதானே, நாடு அப்படித்தானே அன்னிக்கு மீண்டுச்சு?" இந்த இரண்டாவது கேள்விதான் என்னை எழுத வைத்தது.

1997-இல் நான் கிள்ளானில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். ஜூலை 2 அன்று தாய்லாந்து தன் நாணயமான பாட் (baht) மதிப்பைத் தாங்கிப் பிடிப்பதைக் கைவிட்டது. ஜூலை 14 அன்று எங்கள் மத்திய வங்கியான பேங்க் நெகாரா ரிங்கிட்டைத் தாங்கிப் பிடிப்பதை நிறுத்தியது. அப்போது டாலர் 2.50 வெள்ளி (ரிங்கிட்டை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்). எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் இந்தியாவிலிருந்து பருப்பும் மிளகாயும் வரவழைப்பவர். 40,000 டாலர் சரக்கை நான்கு மாதத் தவணையில் எடுத்திருந்தார். எடுத்தபோது கணக்கு ஒரு லட்சம் வெள்ளி. நவம்பரில் பணம் கட்டும்போது டாலர் 3.30-ஐத் தாண்டிவிட்டது, கட்ட வேண்டியது 1,32,000 வெள்ளிக்கு மேல். சரக்கு பழைய விலைக்கு எப்போதோ விற்றுப்போயிருந்தது. "வித்த சாமானுக்கு இனி எங்க போய் விலை ஏத்துறது தம்பி?" என்றார். என்னிடம் பதில் இல்லை. 1998 ஜனவரியில் டாலர் 4.88 வரை போனது. அவர் தன் மனை ஒன்றை விற்றுத்தான் கடையைக் காப்பாற்றினார்.

சரி, அவர் இறக்குமதிக்காரர். ஏற்றுமதி செய்தவர்கள் கொழித்திருக்க வேண்டாமா? இங்கேதான் புள்ளிவிவரத்தைக் கவனித்துப் படிக்க வேண்டும். 1998-இல் மலேசியாவின் ஏற்றுமதி ரிங்கிட் கணக்கில் ஏறக்குறைய 30 சதவீதம் கூடியது. அதையே டாலரில் எண்ணிப் பார்த்தால் முந்தைய ஆண்டைவிடக் குறைவு. கூடுதலாக விற்கவில்லை. விற்றதை மெலிந்த ரிங்கிட்டில் எண்ணினோம், அவ்வளவுதான். அந்த ஆண்டு வணிக உபரி, அதாவது ஏற்றுமதியில் இறக்குமதி போக மிஞ்சியது, 58 பில்லியன் ரிங்கிட்டை எட்டியது. அதைக் குணமானதன் அடையாளமாகச் சொல்பவர்களை இன்றும் பார்க்கிறேன். அந்த உபரி வந்தது பெரும்பாலும் இறக்குமதி சுருங்கியதால். டாலர் கணக்கில் இறக்குமதி நான்கில் ஒரு பங்கு விழுந்தது. புது இயந்திரம் வாங்க ஆளில்லை, கட்டுமானம் நின்றது, வீட்டுக்கு வீடு செலவைச் சுருக்கினார்கள். பொருளாதாரமே 7.4 சதவீதம் சுருங்கிய ஆண்டு அது.

ஏற்றுமதிக்காரர் எல்லாரும் ஒரே நிலையில் இல்லை என்பதையும் கணக்கேடுகளில் பார்த்தேன். மூவாரில் ரப்பர் மரத்தில் நாற்காலி மேசை செய்பவருக்கு மரமும் கூலியும் ரிங்கிட்டில், விற்பனை டாலரில். அவருக்கு நிஜமாகவே லாபம் இருந்தது. பினாங்கு பாயான் லெப்பாஸில் மின்னணுப் பாகங்களைப் பொருத்திக் கொடுப்பவருக்கோ பாகங்களே டாலரில்தான் வரும். ஆள்கூலியிலும் மின் கட்டணத்திலும் மட்டும்தான் மிச்சம். அப்புறம், லாபம் இருந்தவருக்கும் வட்டி கழுத்தை நெரித்தது. 1998 நடுவில் வங்கிகளின் அடிப்படைக் கடன் வட்டி 12 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. கையில் ஆர்டர் இருந்தும் மரம் வாங்கப் பணம் கிடைக்காமல் தவித்த தொழிற்சாலைகளை எனக்குத் தெரியும். வெளிநாட்டு வாடிக்கையாளரும் சும்மா இருக்கவில்லை. "உங்கள் நாணயம் விழுந்துவிட்டதே, விலையைக் குறையுங்கள்" என்று கேட்டார்கள்.

1998 செப்டம்பர் 1 அன்று, பணம் தாராளமாக நாட்டைவிட்டு வெளியேறுவதைத் தடுக்கும் மூலதனக் கட்டுப்பாடு வந்தது. மறுநாள் ஒரு டாலர் 3.80 ரிங்கிட் என்று நிலைநிறுத்தப்பட்டது. வட்டி மளமளவென்று இறங்கியது. வாராக்கடனை வாங்கிக்கொள்ள டானாஹர்த்தாவும், வங்கிகளுக்கு மூலதனம் போட டானாமோடாலும் வேலையில் இறங்கியிருந்தன. 1999-இல் பொருளாதாரம் 6.1 சதவீதம் வளர்ந்தது. எல்லாப் பெருமையும் 3.80-க்குத்தான் என்று நான் சொல்ல மாட்டேன். ஐ.எம்.எஃப். என்ற பன்னாட்டு நாணய நிதியத்திடம் கடன் வாங்கி அதன் வழியில் போன தென் கொரியா அதே ஆண்டு 10 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது. உலகம் முழுக்கக் கணினிக்கும் சில்லுக்கும் இருந்த தேவை எங்கள் ஏற்றுமதியையும் தூக்கிவிட்டது. 2001-இல் அந்தத் தேவை படுத்ததும் எங்கள் வளர்ச்சி அரை சதவீத அளவுக்கு வந்துவிட்டது. நிலையான மாற்று விகிதம் சிறு வியாபாரிக்குச் செய்த உதவி வேறு: மூன்று மாதம் கழித்து அனுப்பும் சரக்குக்கு இன்றைக்கே விலை சொல்ல முடிந்தது. அதன் கெடுதலையும் பார்த்தேன். 2005 ஜூலை 21 அன்று அது நீக்கப்பட்டபோது, ஏழு வருடப் பழக்கத்தில் பலருக்கு மாற்று விகிதம் என்று ஒன்று ஆடும் என்பதே மறந்துபோயிருந்தது.

நான் வாடிக்கையாளர்களுக்கு அழுத்திச் சொல்வது இன்னொன்று. நெருக்கடிக்கு முன்பே, குறிப்பிட்ட அளவுக்கு மேல் அந்நிய நாணயக் கடன் வாங்க பேங்க் நெகாராவின் அனுமதி வேண்டும் என்ற விதி இங்கே இருந்தது. ரிங்கிட்டில் சம்பாதிப்பவர் டாலரில் பெரிய கடன் வாங்குவது அதனால் சுலபமாக இல்லை. நாட்டின் குறுகியகால அந்நியக் கடன் மட்டுப்பட்டிருந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். ஐ.எம்.எஃப். வாசலுக்குப் போகாமல் சமாளிக்க முடிந்ததும் அதனால்தான் என்று நினைக்கிறேன். இந்தோனேசியாவில் தனியார் நிறுவனங்கள் டாலர் கடனைக் குவித்து வைத்திருந்தன. 2,400 அளவில் இருந்த டாலர் 10,000 ரூப்பியாவையும் தாண்டியபோது அவை மொத்தமாக மூழ்கின.

உங்கள் கடைக்கும் இதே கணக்குதான். கொடுக்க வேண்டிய ஒவ்வொரு பில்லுக்கும் பக்கத்தில் எந்த நாணயம், எந்தத் தேதி என்று எழுதுங்கள். வர வேண்டியதற்கும் அப்படியே. டாலரில் கொடுக்க வேண்டியதைவிட டாலரில் வருவது குறைவு என்றால், அந்த வித்தியாசத்துக்கு வங்கியில் ஃபார்வர்ட் (பின்னால் வாங்கும் டாலருக்கு இன்றைக்கே விலை முடித்துக்கொள்வது) போடலாமா என்று கேளுங்கள். அதற்குச் செலவு உண்டு, ரிங்கிட் ஏறினால் அந்த லாபமும் கிடைக்காது. கட்ட வேண்டிய தொகை மட்டும் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

அந்தப் பருப்புக் கடையை இப்போது மகன் நடத்துகிறார். சரக்குக்குச் சொன்ன அன்றே பில்லைப் படம் எடுத்து எனக்கு அனுப்பிவிடுகிறார். பாதித் தொகைக்கு ஃபார்வர்ட் போட்டாயிற்றா என்று பின்னாலிருந்து அப்பா கேட்பது தொலைபேசியில் எனக்கும் கேட்கும்.